கேரவனில் தண்ணீர் தீர்ந்த நாள்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு லீவு நாளில் அப்பா எங்களுக்கு வீடு வாங்கிவிட்டார் என்று நம்பினேன். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் சாப்பிட்டுக்கொண்டே அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. "தனியா ஒரு வீடு மட்டும் அமைஞ்சிருச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போக வேண்டியதில்ல."

அப்போது ஷார்ஜாவில் ஒரு ஃபிளாட்டின் ஓர் அறையில் இருந்தோம். மற்ற இரண்டு அறைகளிலும் வேறு இரண்டு குடும்பங்கள். அடுப்படி பொது, குளியலறை பொது. உள்ளே போனவர் கொஞ்சம் தாமதித்தால் வெளியே நிற்பவர் கதவைத் தட்டுவது அந்த வீட்டு வழக்கம். நானும் நன்றாகத் தட்டுவேன். என் வயதுப் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கத்து டிவி ஏதாவது பதில் சொல்லும். கொஞ்சம் குரல் உயர்ந்தால் அம்மா உதட்டில் விரலை வைப்பாள். அந்த வீட்டில் சிரிப்பதைக்கூட மெதுவாகத்தான் சிரிக்க வேண்டும். அந்த அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா ஏசி டெக்னீஷியன். அவருடைய முதலாளி, எல்லோரும் அர்பாப் என்று அழைக்கும் அரபிக்காரர், குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்தில் போய்த் தங்குவதற்காக ஒரு கேரவனைப் பேசி முடித்திருந்தார். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, சக்கரம் வைத்த வீடு. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வா என்று அப்பாவை அனுப்பினார். அப்பா கம்பெனி பிக்கப்பில் எங்களையும் ஏற்றிக்கொண்டார். கேரவன் யாருக்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம்.

விற்கிற இடத்தில் எங்களை உள்ளே விட்டவர் ஒரு பெஷாவர்க்காரர். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு அனுப்பிவிடலாம் என்று பாவம் அவர் நினைத்திருக்கிறார். அப்பா முதலில் டயர்களைத் தட்டிப் பார்த்தார். கீழே படுத்து அடிப்பக்கம் முழுக்க டார்ச் அடித்தார். பிறகு தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"பாப்பா, நீ உள்ள இரு. மேல தண்ணி அடிக்கிறேன். எங்கயாச்சும் சொட்டுச்சுன்னா கத்து."

கதவை மூடிக்கொண்டேன். தலைக்கு மேல் தண்ணீர் விழுந்தது. ஜன்னல் ஓரங்களையும் மூலைகளையும் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு கண்டாலும் வீடு போயிற்று, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். எல்லாம் உலர்ந்தே இருந்தது. "சொட்டலப்பா!" என்று கத்தினேன். அந்த நாட்டில் அதற்கு முன் நான் அப்படிக் கத்தியதே இல்லை. அம்மா உதட்டில் விரல் வைக்கவில்லை.

அடுப்பைச் சோதிக்க வேண்டும் என்று அப்பா பெஷாவர்க்காரரிடமே டீத்தூளும் பாலும் வாங்கி வந்தார். அம்மா டீ போட்டாள். அப்பா நிமிரும்போது மேல் அலமாரியில் தலையை இடித்துக்கொண்டார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். சின்ன மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம். எந்தக் கட்டில் என்னுடையது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

"பாத்ரூமையும் பாத்துட்டு வந்துடறேங்க" என்று அம்மா எழுந்து போனாள். தாழ் விழுந்தது. ஷவர் திறந்த சத்தம் கேட்டது. அவள் வரவே இல்லை. பெஷாவர்க்காரர் வாசலில் தலையை நீட்டி, "பாய், கலாஸ்? யல்லா!" என்று, முடிந்ததா, கிளம்பலாமா என அவசரப்படுத்தினார். எனக்கும் பொறுக்கவில்லை. பழக்கதோஷத்தில் கதவைத் தட்டக் கை ஓங்கினேன். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாத பாப்பா. தண்ணி எவ்வளவு நேரம் வருதுன்னு அம்மா பாக்குறா."

ஏசி இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று சொல்லி பெஷாவர்க்காரரை வெளியே கூட்டிப் போனார். ஏற்கனவே பார்த்த டயர்களையே மறுபடி தட்டினார். உள்ளே தண்ணீர் மெலிந்து நின்றுபோனது. அதற்குப் பிறகும் விட்டு விட்டு ஒரு சத்தம் வந்தது. டேங்க் காலியாகி மோட்டார் காற்றை இழுக்கிறது என்று நினைத்தேன். ஏசி டெக்னீஷியன் மகள் அல்லவா, அதெல்லாம் எனக்குத் தெரியும்!

அம்மா வெளியே வந்தபோது தலை நனையவில்லை, புடவை நனையவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"தண்ணி நல்லா வருதுங்க" என்றாள்.

"டேங்க் பெருசுதான்" என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல்.

திரும்பும்போது வழியெல்லாம் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவுகளில் எங்கள் வீடும் எங்களோடு வளைந்து வந்தது. ஒரு பெரிய பங்களாவின் வாசலில் அப்பா இறங்கி அதைக் கழற்றினார். அர்பாபின் பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். என் கட்டிலில் ஒருவன் செருப்போடு குதிப்பது ஜன்னலில் தெரிந்தது.

"நம்ம வீட்ட ஏம்ப்பா இங்க விடுறீங்க?"

அப்பா வண்டியை எடுத்தார். அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் அப்பா கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்புக்குப் போனார். நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம்.

அம்மா தண்ணீரை மொத்தமாகத் தீர்த்துவிட்டதால்தான் அந்த வீட்டை எங்களுக்குக் கொடுக்கவில்லை என்று வெகு நாள் அவள்மேல் கோபமாக இருந்தேன். ஊரில் எங்களுக்கென்று தனியாகக் குளியலறை இருந்தது. அப்பாவிடமிருந்து போன் வந்த நாட்களில் அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டால் எளிதில் வெளியே வரமாட்டாள். இங்கேயும் தண்ணீரைத் தீர்க்கிறாளே என்று நான் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பேன். கையைப் பிடித்து நிறுத்த அப்பா அங்கே இல்லை.