இட்லிக் கடையில் ஒரு குடியுரிமை விசாரணை

மந்தாரக்குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அந்த அம்மா இலங்கையில் பிறந்தவர். குள்ளமான உருவம், நெற்றியில் எப்போதும் வியர்வை. யார் எது கேட்டாலும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பதில் சொல்வார். நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வரும் எனக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான்.

அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். விசாரிக்க ஓர் அதிகாரி கடைக்கே வந்தார். அவரைத் தெரிந்தவன் என்று சாட்சி சொல்ல நானும் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே அதிகாரி, "எங்க, தேசிய கீதம் பாடும்மா, பாக்கலாம்" என்றார். குழந்தையைப் பாடச் சொல்வது போலிருந்தது. நானும் சிரித்தேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஆனால் பாடவில்லை.

"என்னம்மா, வரலையா?"

"நல்லா வருங்க. நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்துகினு சாப்புடுறீங்களே, எப்படிங்க பாடுறது?"

இருவரும் எழுந்தோம். சட்னி ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் ஒரு சொல்கூடப் பிசகாமல் பாடினார். கூடப் பாடிய எனக்குப் பாதிக்கு மேல் சொல் தெரியாமல் உதடு மட்டும்தான் அசைந்தது.

பாடி முடித்ததும், "ஒக்காருங்க, இட்லி ஆறிடப் போவுது" என்றார்.

எனக்கு உட்காரக் கூசியது.