நாலு பாட்டிலும் சுத்தமாகத்தான் இருந்தன

மாடி வீட்டு அஞ்சலி போன வாரம் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் சமையலறை மேடைமேல் வைத்தாள். உள்ளே இருபது பிளாஸ்டிக் பாட்டில்கள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். விடுமுறைக்கு ஏதோ ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறதாம். மட்டாஞ்சேரித் தோடுகளில் தண்ணீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். தோடு என்றால் இங்கே வாய்க்கால், காதில் போடுவதல்ல. ஒரு மாதம் பிடித்துக் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள்.

"ஆன்ட்டி, நீங்க பண்டு இந்த வேலைதானே பாத்தீங்க? இத முதல்ல கழுவணுமா, அப்படியே பிடிச்சா போதுமா?"

"கழுவணும். மூணு தடவ. எங்க பிடிக்கிறியோ அந்தத் தண்ணியிலயே."

சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படியேறிப் போன பிறகும் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். முகர்ந்து பார்த்தேன். புதுப் பிளாஸ்டிக் வாசனைதான். ஆனால் மூக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. அது நாற்பது வருடத்துக்கு மேல் பின்னால் போய், அயோடின் வாசனையும் பலாப்பழ வாசனையும் கலந்த ஒரு மாடி அறையில் நின்றுவிட்டது.

அந்த அறையைப் பற்றிச் சொல்வதற்குமுன் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் துணி வெளுக்கிற குடும்பம். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் துணியைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய ஆட்களின் வழி வந்தவர்கள். தோபிகானாவில் அப்பாவுக்கென்று ஒரு தொட்டியும் ஒரு கல்லும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. மூன்று வருடம் படித்து முடித்து என்ன வேலைக்குப் போனேன் என்றால், பாட்டில் கழுவுகிற வேலைக்கு. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "கவர்மெண்டு பாட்டிலாக்கும்" என்பார்.

எண்பதுகளின் தொடக்கம். தண்ணீர் கெட்டுப்போகிறது, அதைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று அப்போதுதான் அரசாங்கத்துக்குத் தோன்றியிருந்தது. எர்ணாகுளத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் புது அலுவலகம் திறந்தார்கள். படித்து முடித்த பிள்ளைகளை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்தார்கள். நேர்முகத்தில் பெரிய சார் "வாட் ஈஸ் பொல்யூஷன்?" என்று கேட்டார். என் காதில் அது "சொல்யூஷன்" என்று விழுந்தது. உப்பு, தண்ணீர், கரைசல் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். சுற்றி இருந்தவர்கள் குனிந்து சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பெண் மட்டும் மலையாளத்தில், "சார், ரெண்டும் ஒண்ணுதான். அளவுதான் வித்தியாசம்" என்றாள். அவள் பெயர் சஃபியா. அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்கும் வேலை கிடைத்தது, எனக்கும் கிடைத்தது.

சஃபியாவும் மட்டாஞ்சேரிதான். அவளுடைய வாப்பா பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கில் சுமை தூக்குகிறவர். தினமும் காலையில் அந்த ரோட்டு வழியாக இரண்டு பேரும் போட் ஜெட்டிக்கு நடப்போம். சுக்கு, மிளகு, ஈரச்சாக்கு வாசனையெல்லாம் சேலையில் ஏறிவிடும். போட்டில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தும்முவார்கள். வெலிங்டன் தீவைத் தாண்டும்போது அவள் நோட்டைத் திறந்து முந்தைய நாள் எண்களை மறுபடி கூட்டிப் பார்ப்பாள். "நேத்தே சரியா இருந்துச்சே" என்றால், "நேத்து சரி, இன்னிக்கும் சரியான்னு பாக்கறேன்" என்பாள். அப்படி ஒரு பெண்.

வாரம் இரண்டு நாள் புழைக்கு, அதாவது ஆற்றுக்குப் போவோம். அலுவலகம் வாடகைக்கு எடுத்த வள்ளத்தை ஓட்டியவர் அந்தப்பன் சேட்டன். புழைக்கரையிலேயே, ஒரு தொழிற்சாலைக்குக் கொஞ்சம் கீழே, அவர் வீடு. அவர் மனைவி கொச்சுத்ரேசியா இடுப்பளவு தண்ணீரில் நின்று, கால்விரலால் தடவித் தடவி, கக்கா என்கிற மட்டியை எடுத்துக் கூடையில் போடுவார். எங்கள் வள்ளத்தைக் கண்டால் தண்ணீரில் நின்றபடியே, "கப்பை வெச்சிருக்கேன், தின்னுட்டுப் போங்க குட்டிகளா" என்று கத்துவார். மரவள்ளிக்கிழங்கும் கக்கா இறைச்சியும். துணி வெளுக்கிற வீட்டுப் பெண் என்று தெரிந்தும் தன் தட்டிலேயே எனக்குப் போட்டுக்கொடுத்த முதல் வெளிவீடு அது. அந்த ருசியை இப்போது எப்படிச் சொல்வேன்? விட்டுவிடுகிறேன்.

எங்கள் வேலை சின்ன வேலை. கண்ணாடி பாட்டிலில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். வள்ளத்திலேயே இரண்டு மருந்துகளை விட்டு மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீரில் மீன் சுவாசிக்கிற அளவுக்குப் பிராணவாயு இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரளும். இல்லையென்றால் வெள்ளை. எங்கள் வீட்டில் வெள்ளை வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே நேர்மாறு. அந்தப்பன் சேட்டன் துடுப்பை நிறுத்தி எட்டிப் பார்ப்பார். "சாயா ஆயோ மோளே?" என்பார். தேநீர் நிறம் வந்துவிட்டதா மகளே என்று கேட்கிறார். "ஆயி சேட்டா" என்போம். அவரும் தலையாட்டிவிட்டுத் துடுப்புப் போடுவார். அவருக்கு அந்த அளவு கெமிஸ்ட்ரி போதும்.

ஐந்தாவது மாதம், மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு காலையில் அவர் வள்ளமில்லாமல் பஸ்ஸில் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "மீனொக்கே செத்துப் பொங்கி மிதக்குது. வா மோளே, பாட்டில் எடு."

போனோம். கரையிலிருந்து கரைவரை மீன். கரிமீன், கணம்பு, பெயர் தெரியாத பொடிமீன். வயிறு மேலே தெரிய, வெயிலில் பளபளவென்று. தொழிற்சாலைக் குழாய் புழையில் விழுகிற இடத்துக்குக் கீழே மட்டும்தான் அப்படி. மேலே ஒன்றுமில்லை. கெட்ட முட்டை நாற்றத்தில் எனக்கு வாந்தி வந்தது. சஃபியா தலையில் போட்டிருந்த தட்டத்தால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று தடவை அலசச் சொன்னாள். நான்தான் அலசினேன். நான்தான் பிடித்தேன். நாலு பாட்டில். மருந்து விட்டுக் குலுக்கினாள். நாலும் வெள்ளை.

"சாயா ஆயோ?" என்று கேட்டார் அந்தப்பன் சேட்டன். பாட்டில்கள் அவர் கண்ணுக்கு நேரேதான் இருந்தன. இருந்தும் கேட்டார்.

கரையில் கொச்சுத்ரேசியா உட்கார்ந்திருந்தார். காலையில் தெரியாமல் தண்ணீரில் இறங்கிவிட்டார். முழங்காலுக்குக் கீழே தோல் வெந்தமாதிரி சிவந்து உரிந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவியிருந்தார்கள். "எழுதிக்கோ மோளே, எல்லாம் எழுதிக்கோ" என்றார். கரைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, குழாயை அடைக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். மனுவுக்கு ஆதாரம் எங்கள் நாலு பாட்டில். மழை வந்து புழையை அலசிவிட்டால் அப்புறம் வேறு ஆதாரம் கிடையாது.

மழை மூன்றாம் நாளே வந்தது.

அதற்கடுத்த வாரம் பெரிய சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் அப்படியில்லை. எங்களுக்குச் சாயா வரவழைத்துக் கொடுத்தார். மலையாளமும் தனக்குத் தெரிந்த தமிழுமாகப் பேசினார். "மேலேர்ந்து கேக்கறாங்க. பயிற்சிக் குட்டிகள் எடுத்த சாம்பிளை வெச்சு ஒரு ஃபேக்டரிய மூட முடியுமா? பாட்டில் சரியா கழுவல, பழைய மருந்து ஒட்டியிருந்துச்சு, அதனால ரிசல்ட்டு நம்பறதுக்கில்லன்னு எழுதிக் கொடுங்க. இத்தனேயே உள்ளு, அவ்வளவுதான். ஒரு சின்ன பேப்பர். அடுத்த மாசம் ரெண்டு போஸ்ட் நிரந்தரமாகுது. உங்க ரெண்டு பேரையும்தான் நான் நெனச்சு வெச்சிருக்கேன்."

தட்டச்சு அடித்துத் தயாராக இருந்தது. சஃபியா இரண்டு தடவை படித்தாள். கூட்டலைச் சரிபார்க்கிற அதே முகம். "சார், பாட்டில் சுத்தமா இருந்துச்சு" என்றாள். காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். சாயாவை அவள் தொடவில்லை.

நான் என் சாயாவைக் குடித்து முடித்திருந்தேன். கையெழுத்துப் போட்டேன். பயமா, ஆசையா என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மனதில் இருந்தது ஒன்றுதான். தங்கைக்கும் தம்பிக்கும் பின்னால் ஒரு நிரந்தர வேலை நிற்க வேண்டும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் மத்தியானம் தோபிகானாவுக்குச் சோறு கொண்டுபோனபோது அப்பாவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன், வேலை நிரந்தரமாகப் போகிறது என்று. ஏன், எப்படி என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். ஈரத்துணியைக் கல்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கழுவுனது யாரு?"

"நான்தான்."

"அழுக்கு இருந்துச்சா?"

"இல்லப்பா."

"இருந்துச்சுன்னு நீயே எழுதிக் கொடுத்துட்டியா?"

நாலு தலைமுறையாக ஊர் அழுக்கைக் கழுவியவர்களில் ஒருவர்கூடத் தன் கையால் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. அப்பா அதைச் சொல்லவில்லை. சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். "கவர்மெண்டு பாட்டில்" என்று அதன்பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. சஃபியாவின் பயிற்சி திருப்திகரமாக இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தோடு எந்த ஆய்வகமும் அவளை உள்ளே விடவில்லை. கடைசியில் வாப்பாவின் தெருவிலேயே ஒரு கிடங்கில் சுக்குத் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். ஜெட்டிக்குப் போகும்போது கதவு இடுக்கில் அவள் தட்டம் தெரியும். கொஞ்சநாளில் நான் வேறு சந்து வழியாகப் போகக் கற்றுக்கொண்டேன்.

அந்தப்பன் சேட்டன் அதன்பிறகும் ஒரு வருடம் வள்ளம் ஓட்டினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முதல் நாள் நான் கரையில் நின்று கால் வைக்கத் தயங்கியபோது கையை நீட்டி, "ஏறுங்க மேடம்" என்றார். மோளே போய்விட்டது. பாட்டிலைக் குலுக்கும்போது துடுப்பு நிற்காது. எட்டிப் பார்க்கமாட்டார். கொச்சுத்ரேசியாவின் கால் ஆறியதா என்று கேட்க ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன், மூடிக்கொள்வேன். பிறகு வேறொருவர் வள்ளம் ஓட்ட வந்தார். அந்தப்பன் சேட்டனும் மனைவியும் வீட்டை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்.

சஃபியாவை ஒரே ஒரு தடவை மறுபடி பார்த்தேன். கல்யாணமாகி மலபார் பக்கம் போயிருந்தவள் வாப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். ஜெட்டியில் நேருக்கு நேர். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம புழை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கூட்டலை மறுபடி போட்டுப் பார்க்கிற பார்வை. போட் வந்துவிட்டது. ஏறிப் போனாள்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது எனக்குத் திடீரென்று ஒரு யோசனை. அந்த வருடத்துக் கோப்பை எடுத்து, என் காகிதத்துக்கு அடியில், பாட்டில் சுத்தமாக இருந்தது என்று எழுதித் தேதி போட்டுவிட வேண்டும். யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் அங்கே இருக்கட்டும். ரெக்கார்டு அறைப் பையன் அலமாரிகளைத் திறந்து காட்டினான். எல்லாம் காலி.

"பழையதொக்கே ஆக்ரிக்காரனுக்குத் தூக்கிப் போட்டாச்சு சேச்சி. கரையான் பிடிச்சுப் போயி."

மனு, கைநாட்டுகள், சஃபியாவின் நோட்டு, நாலு எண்கள், என் பொய், எல்லாம் சேர்ந்து பழைய காகிதமாக எடைக்குப் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்தக் கரைக்குப் போனேன். புழையோரம் சுவர் எழுப்பியிருந்தார்கள். வீடு இருந்த இடம் இதுதானா என்று தெரியவில்லை. தண்ணீர் கறுத்து, அசையாமல் கிடந்தது. சுவர்மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞனிடம், இங்கே இப்போதும் கக்கா எடுக்கிறார்களா என்று கேட்டேன். தலையைத் தூக்கித் தண்ணீரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இவிடெயோ? இந்தத் தண்ணியிலயா? இங்க கக்கா இருந்துச்சுன்னு யாரு சொன்னது சேச்சி?"

நான் பார்த்திருக்கிறேன், தின்றிருக்கிறேன் என்று சொல்லலாம். வாய்வரை வந்தது. என்னிடம் ஒரு காகிதம் இல்லை. அந்தக் கரையில் என் வாய்ச்சொல்லை யார் நம்ப வேண்டும்?

"யாரோ சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.