கையில் நடந்த வேதியியல்

நந்தனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர் வேலை. அதற்கான மாதிரி வகுப்பு எடுக்கப் போகும் வழியில், பட்டினப்பாக்கத்தில் என் ஸ்கூட்டர் ஒரு மீன்கார அம்மாவின் கூடையை இடித்துத் தள்ளிவிட்டது. தப்பு என்னுடையதுதான். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத நான், ரோட்டில் சிதறிய சங்கரா மீன்களை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன்.

குழாயடியில் மூன்று தடவை சோப்பு போட்டேன். வாடை போகவில்லை. இந்தக் கையோடு எப்படி வகுப்பெடுப்பது? அழுகையே வந்துவிட்டது.

"சோப்புக்கெல்லாம் போவாதும்மா, இத்த தேச்சிக்கோ." திட்ட வேண்டிய அந்த அம்மா, அரை மூடி எலுமிச்சம்பழத்தை என் கையில் பிழிந்தார்.

வாடை போயே போச்சு! எனக்குப் புல்லரித்தது. மீன் வாடைக்குக் காரணம் அமீன் என்ற காரப்பொருள். எலுமிச்சையில் இருப்பது அமிலம். அமிலத்தின் ஹைட்ரஜனை அமீனின் நைட்ரஜன் இழுத்துப் பிடித்துக்கொண்டதும் இரண்டும் சேர்ந்து உப்பாகிவிட்டன. உப்பு பறந்து மூக்குக்கு வராது. சோப்பும் காரம்தான், அது எப்படி அமீனைப் பிடிக்கும்?

வகுப்பில் குறிப்புகளைத் திறக்கவே இல்லை. கையை நீட்டி, "மோந்து பாருங்க" என்று ஆரம்பித்தேன். வேலை கிடைத்தது.

அமிலமும் காரமும் உப்பாகும் அந்தச் சமன்பாட்டைப் பதினோரு வருஷம் டியூஷனில் போர்டில் எழுதியவள் நான். அன்றைக்குச் சோப்பைத் தேடி ஓடியவளும் நான்தான்.