கேட்டில் காலியான பென் டிரைவ்

டிஸ்பாட்சில் லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. விண்டோஸ் பாதி வந்து நின்றுவிடும். புதிது வாங்க மாட்டேன் என்றார் மேனேஜர். திங்கட்கிழமைக்குள் ஓடாவிட்டால் லேபிள் வேலையை வெளி வெண்டரிடம் கொடுத்துவிடுவாராம். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பீடிங் செய்யும் அந்தக் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ். மோட்டாரும் பேனலும் கைப்பழக்கம், கம்ப்யூட்டர் ஆகாது. ஆனாலும் என் தலையில்தான் கட்டினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் லேபிள் அடித்தவர் ஸ்டெல்லா, மணிமங்கலத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். கணவருக்கு முதுகில் அடிபட்ட பிறகு இவர் சம்பளத்தில்தான் குடும்பம். "இந்தப் பொட்டி ஓடலன்னா என்னையும் சேத்து அனுப்பிடுவாங்க சார்" என்றார்.

லேபிள் அடிப்பது பிரவுசரில் திறக்கும் பக்கம்தான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் போதும், காசும் கிடையாது என்றார்கள் தெரிந்தவர்கள். குன்றத்தூர் வீட்டில் மகளின் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். நெட்டிலிருந்து இறக்கிய லினக்ஸ் ஃபைலை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு, அதிலிருந்து பூட் ஆகிக் கிளம்பவில்லையே என்று லேப்டாப்பைத் திட்டினேன். அதை பூட் ஆகும்படி டிரைவில் எழுதுவதற்கென்றே தனி சாஃப்ட்வேர் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. மறுபடி எழுதிப் பார்த்தேன். லினக்ஸ் திரையில் வந்து நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை எடுத்துப் போனேன். எங்கள் கேட்டில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பென் டிரைவை செக்யூரிட்டி தன் கம்ப்யூட்டரில் செருகி, ஸ்கேன் செய்துதான் தருவார். நான் அந்தப் பக்கம் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய்ச் செருகினால் பூட் ஆகவில்லை. எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் பயாஸ் செட்டிங்கை எப்படியெல்லாமோ மாற்றி, சாயங்காலம் வரை மல்லுக்கட்டினேன். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு வெண்டருக்குப் போன் போட்டார்.

வீட்டில் செருகிப் பார்த்தால் பென் டிரைவ் காலி. திரும்ப எழுதினேன். திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டி பக்கத்திலேயே நின்றேன். செருகியதும், இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யலாமா என்று திரை கேட்டது. லினக்ஸ் எழுதியதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அப்படிக் கேட்கும். அவர் எஸ்ஸை அழுத்தப் போனார். கையைப் பிடித்துவிட்டேன்.

"அன்னிக்கும் இதான் சார் கேட்டுச்சு. உங்களுக்கு இன்னாத்துக்கு சிரமம்னு நானே எஸ் குடுத்துட்டேன்" என்றார். உதவி என்று நினைத்துச் செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது?

மதியத்துக்குள் லினக்ஸ் ஏறிவிட்டது. பிரின்டரும் எடுத்துக்கொண்டது, லேபிள் சுத்தமாக வந்தது. மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஆனால் வெண்டர் ஆள் வந்தாகிவிட்டதாம், ஸ்டெல்லாவுக்குப் பதில் அவரே இதில் உட்காரட்டும் என்றார். மேனேஜரிடம் வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை.

புதிதாக லினக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதிய பென் டிரைவை வேறு யார் செருகினாலும் பக்கத்தில் நில்லுங்கள். பூட் ஆகாவிட்டால், மெஷினைச் சந்தேகப்படும் முன் டிரைவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு இது தெரிந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க ஸ்டெல்லா கேட்டுக்கு வந்தார்.

"ஓடுதா சார்?"

"ஓடுதும்மா."

"புது ஆளுக்கு லேபிள் ரோல் மாட்டத் தெரியாது சார். நீங்க ஒருவாட்டி காட்டிடுங்க."