ஓல்ஃபா பாரிஸுக்குப் போகக்கூடாது

துனிஸில், அப்பா விட்டுப்போன அதே கடையில் காலம் தள்ளும் ஷெத்லியிடம் சவரம் செய்துகொள்பவன் வாயைத் திறக்க முடியாது. கத்தி கழுத்தில் இருக்கும்போதுதான் மனுஷன் பாடகி ஓல்ஃபாவைப் பற்றி ஆரம்பிப்பார். அன்றைக்கு மாட்டிக்கொண்டவன் நான்.

காத்திருந்த தையல்காரர் லொத்ஃபி சீண்டினார். "முதல் ஆல்பத்துல என்னமா ஜாஸ் பாடினா! புதுசுல வெறும் கல்யாண வீட்டு மேளம். இங்க இருந்தா இப்படித்தான் கெட்டுப்போவா. பாரிஸுக்குப் போயிடணும்."

"போகவே கூடாது! புதுசுல கடைசிப் பாட்டைக் கேட்டியா? காது இருக்கா உனக்கு?" ஷெத்லி என் தாடையை நிமிர்த்தினார். "நீ சொல்லு தம்பி. இருக்கணுமா, போகணுமா?"

கத்தி குரல்வளையில் நின்றது.

"இருக்கட்டும்ண்ணே," என்றேன்.

லொத்ஃபிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிரான்ஸ் போக உனக்கு விசா கிடைக்கல. அதுக்காக அவளும் உன்கூட இங்கயே கிடந்து சாகணுமா?" என்று கத்திவிட்டு வெளியேறினார்.

ஷெத்லி என்னைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டுப் போய், அந்த முதல் ஆல்பத்தைப் போட்டார். லொத்ஃபி திறந்துபோட்டுப் போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதைச் சாத்துப்பா," என்றார். "பாட்டு வெளியே போகுது."