தாமல் ஏரிக்குக் கிளம்பி ஆஸ்பத்திரியில் இறங்கிய கதை

மழை விட்டதும் தாமல் ஏரி நிரம்பியிருக்கும், பார்த்துவிட்டு வரலாம் என்று கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். காலை எட்டரைக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையம். அங்கிருந்து தாமல் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்து உண்டு, நான் சோம்பேறி, ஆட்டோ பேசினேன். போய்வர அறுநூறு ரூபாய்.

ஊரைத் தாண்டுவதற்குள் ஓட்டுநர் மோகனுக்கு மனைவியிடமிருந்து போன். "பாப்பா எழுந்துக்கவே மாட்டேங்குதாம் மேடம். வூடு பக்கந்தான்." ஏரி எங்கே போய்விடப்போகிறது? வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மனைவி வசந்தா வாசலிலேயே குழந்தையோடு நின்றிருந்தாள். இரண்டு வயதுப் பெண். உதடு வெளுத்து, அம்மா தோளில் துவண்டு கிடந்தது. "சோறு வெச்சா வேணாங்குது, சொவுத்த சொரண்டித் துன்னுக்கினு இருக்குது," என்று ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தசோகை, நன்றாக முற்றியிருந்தது. சுவரைத் தின்பதும் அதனால்தானாம். இரும்புச் சத்துச் சொட்டு மருந்து கொடுக்கவில்லையா என்று கேட்டார்.

"அங்கன்வாடில இலவசமா குடுத்தாங்க. நாலு நாள் ஊத்தனேன். வெளிய கறுப்பா போச்சு. பயந்து நிறுத்திட்டேன்."

நர்ஸ் சிரித்துவிட்டார். "ஏம்மா, அந்த மருந்துக்கு அப்படித்தான் போவும். இதுகூடத் தெரியாதா?"

வசந்தாவின் அழுகை நின்றது. "எப்படித் தெரியும் சிஸ்டர்? குடுத்தவங்க ஒரு வார்த்தை சொன்னாங்களா? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பனா?"

மருந்து இருந்தது, கைக்கு வந்தது, தாய் ஊற்றவும் ஊற்றினாள். ஒரு வாக்கியம் சொல்ல ஆளில்லாமல் பிள்ளை வெளுத்துப்போனது. இதில் சிரிப்பு வேறு!

குழந்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். சொட்டு மருந்து மாதக்கணக்கில் தொடர்ந்தது. போன வாரம் மோகன் பேசினார். "இப்ப ஓடிக்கினே இருக்குது மேடம், புடிக்க முடியல."

நான் ஏரியைப் பார்க்கவில்லை. நீங்கள் போனால் வெயில் ஏறுமுன் போங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் டாக்டர் சொன்ன இதையும் கேளுங்கள். கீரை, முட்டை, பருப்பு கொடுங்கள், கூடவே கொஞ்சம் எலுமிச்சை. சாப்பாட்டோடு டீ வேண்டவே வேண்டாம், அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. மண்ணில் விளையாட விட்டால் காலில் செருப்பு, ரத்தம் உறிஞ்சும் பூச்சி பாதம் வழியாகத்தான் ஏறுமாம். இரும்புச் சத்து மருந்தில் மலம் கறுக்கும், நிறுத்தாதீர்கள்; சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

தெருவில் யார் அந்தச் சொட்டு மருந்தை வாங்கிவந்தாலும் வசந்தா வேலையைப் போட்டுவிட்டுப் போய் இதைச் சொல்லிவிட்டு வருகிறாளாம். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வாய் என்ன ஆயிற்று?