அப்பாவின் ஆரஞ்சுக் கோடு

எங்கள் வீட்டில் பகலில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம். அப்பா தூங்குவார். கார் ஷோரூமில் அவர் இரவுக் காவலாளி. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தால் சாயங்காலம்வரை அசையமாட்டார். அம்மா பாத்திரங்களைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி கழுவுவாள். நான் வாலைச் சுருட்டி வைத்துக்கொள்கிற ஒரே நேரமும் அதுதான். தகரக் கூரை வீடு. மத்தியானத்தில் ஆளை வேகவைத்து எடுத்துவிடும். "இந்தச் சூட்டுல எப்படித்தான் இந்த மனுஷன் தூங்குறாரோ" என்று அம்மா காற்றாடியை அவர் பக்கம் திருப்பிவிட்டு அதிசயப்படுவாள்.

தெருவில் அப்பாவுக்கு ஆந்தை என்று பெயர். வேறு யாராவதாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு, "ராத்திரில இந்தக் கண்ணு மூடினதே கிடையாது. நான் அசந்தேன்னா முதலாளியோட கோடிக்கணக்கான சொத்து அம்போ" என்பார். கிராப்பு வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்பார். எனக்கும் கேட்கப் பிடிக்கும். நான் ஒரு இடத்தில் பேசாமல் உட்கார்ந்து கேட்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தக் கடையில்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மேடம் தெருவுக்கு வந்தார். தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிறவராம். ஆறு நாடுகளில் ஒரே வாரத்தில், ராத்திரி வேலை பார்க்கிறவர்களின் கையில் ஒரே மாதிரிப் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். நர்ஸ், லாரி டிரைவர், ரொட்டி சுடுகிறவர், எல்லாருக்கும். கடைசியில் எல்லா ஊர்க்காரர்களையும் வீடியோவில் சேர்த்து, பொதுமக்களைக் கூப்பிட்டு, 'உலகம் எப்படித் தூங்குகிறது?' என்று பெரிய விழா.

"ஆராய்ச்சியை நாங்களே அறைக்குள்ள வச்சுப் பூட்டிக்கக் கூடாதுல்லண்ணே? உங்களோட சேர்ந்து பண்ணணும்" என்றார் மேடம். "திரையில பேர் வராது. உங்க தூக்கம் ஒரு கோடா ஓடும், அதோட கலரும் உங்க வேலையும் மட்டும்தான் வரும். மேடைக்கு வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

"மேடைன்னு சொல்லிட்டு இஷ்டமான்னு கேக்குறீங்களே மேடம்!" என்று அப்பா கையை நீட்டினார்.

பட்டையின் பக்கத்தில் ஒரு குட்டிப் பட்டன் இருந்தது. மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் விளக்கினார். அப்பா அந்த நேரத்தில் பட்டை தன் சட்டைக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டனை அமுக்கினால் பட்டை வேலையைத் தொடங்கும், மறுபடி அமுக்கினால் நிறுத்திவிடும் என்று அவராகவே முடிவுகட்டினார். அது மணி காட்டுகிற பட்டன். பட்டையோ எந்நேரமும் நாடியையும் சுற்றியிருக்கிற சூட்டையும் அளந்துகொண்டே இருந்தது. அந்த வாரம் முழுக்க அப்பா காலையில் படுக்கும்போது பட்டனை அமுக்குவார், எழுந்ததும் அமுக்குவார், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வேலைக்குக் கிளம்புவார்.

விழாவுக்கு முன்னால் மேடம் போன் செய்தார். "சீக்கிரம் வந்து உங்க கோட்டை ஒரு தடவை பாத்துக்கோங்கண்ணே."

"வேணாம் மேடம். சஸ்பென்ஸ் போயிடும்" என்றார் அப்பா.

மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் மடிப்பு கலையாமல் நின்றார். வாசலில் ரிப்பன் கட்டிய வெள்ளைக் கார் ஒன்று நின்றது. அப்பாவின் ஷோரூம் கார்தான். விளம்பரத்துக்காக முதலாளி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். முன்வரிசையில் அவரே உட்கார்ந்திருந்தார். தன் காவலாளி மேடையேறப் போகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

திரையில் கட்டம் கட்டமாக வெளிநாட்டு முகங்கள். இங்கே சாயங்காலம், அவர்களில் சிலருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் பேச, மேடம் தமிழில் சொன்னார். அப்பாவின் முறை வந்தது. மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டார். ஆரஞ்சுக் கோடு ஒன்று திரையில் ஓடியது.

"இவர் காலையில படுக்குறார். ஆனா தூங்கல. ஆடாம அசையாம, சாயங்காலம்வரைக்கும் முழிச்சே கிடக்குறார். வெக்கை தாங்கல போல" என்றார் மேடம். தாடிக்காரர் விரலை நகர்த்தினார். "ராத்திரி ஆனா, நல்ல குளிர்ச்சியான ஒரு இடத்துல, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார். அருமையான தூக்கம்!"

மண்டபம் சிரித்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் காதில் விழுந்தது ராத்திரி இல்லை, பகல். இத்தனை வருஷமும் அவர் கண்ணை மூடி நடித்திருக்கிறார். வெக்கையில் ஒரு பொட்டுத் தூங்காமல், அவள் கவலைப்படக் கூடாதென்று கட்டை மாதிரி கிடந்திருக்கிறார். ஊரையே ஏமாற்றுகிறவள் என்று பெயர் எடுத்த என்னையும் ஏமாற்றியிருக்கிறார்.

திரையில் ஒரு அம்மாள் கையை ஆட்டினாள். அவள் ஊரில் ரொட்டி சுடுகிறவள். அவளுடைய பச்சைக் கோடு அப்பாவின் கோட்டுக்குப் பக்கத்தில் அண்ணனோடு தங்கை மாதிரி ஒட்டிக்கொண்டே ஓடியது. "மாவு உப்பி வர்ற வரைக்கும் மூட்டை மேல ஒரு குட்டித் தூக்கம் போடுவேன்" என்று அவள் சொன்னதாக மேடம் சொன்னார். "என் முதலாளி பாத்துக்கிட்டு இருந்தா மன்னிச்சுக்கோங்கன்னும் சொல்றாங்க." மண்டபம் கைதட்டியது. அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் முதலாளி சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"என்னய்யா ஆந்தை இது?"

 அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். கண் மண்டபத்தைச் சுற்றி வந்து என்மேல் நின்றது.

"அந்தப் பட்டையை ராத்திரில என் பொண்ணு எடுத்துக் கட்டிக்கிட்டா சார். தூங்குறவ அவதான். அவ ஒரு வாலு. உங்களுக்கே தெரியுமே."

எல்லாரும் திரும்பினார்கள். ஷோரூம் கார் ஹாரனில் பபிள்கம் ஒட்டியவள் என்று முதலாளிக்கு என்னை நன்றாகவே தெரியும். நான் யோசிக்கவே இல்லை. பலமாகத் தலையாட்டினேன். போதாதென்று நாக்கையும் கடித்துக் காட்டினேன்.

"நினைச்சேன்! இவ செய்யக்கூடியவதான்" என்று முதலாளி உட்கார்ந்தார். வேலை பிழைத்தது.

மேடம் கோபப்படவில்லை. "பரவாயில்லண்ணே. ஆனா வேற ஆளோடதுன்னா இந்தக் கோடு செல்லாது. எடுத்துடணும்" என்று திரையைப் பார்த்து ஏதோ சொன்னார். தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆரஞ்சுக் கோடு மறைந்தது. பச்சைக் கோடு மட்டும் தனியாக நின்றது. ஆட்டிக்கொண்டிருந்த கையை ரொட்டிக்கார அம்மாள் மெல்லக் கீழே இறக்கினாள்.

அப்பா மேடையைவிட்டு இறங்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது. ஒரு நர்ஸ் படியேறிவந்து பக்கத்தில் நின்றாள். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அதைத் திரும்பப் போடுங்க."

"எதைண்ணே?"

"என் கோட்டை. அது நான்தான். பொண்ணு தொடவே இல்ல." மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருந்ததால் மூச்சுச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அந்த அம்மா அவங்க முதலாளியை வச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. நான் என் புள்ளையைக் காட்டிக் கொடுத்துட்டேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி உட்கார்ந்தபடியே கேட்டார். "எந்தக் கார்ல?"

அப்பா வாசலைக் காட்டினார். "வெளிய நிக்குதே சார், அதுல. பின்சீட்டு. ஏசி போட்டுக்குவேன்."

வெள்ளைக் காரைப் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்திருந்த ஒரு ஜோடி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு நடந்துபோகும்போது அப்பா எங்களுக்கு முன்னால் வேகமாகப் போனார். அம்மா பின்னால் மெதுவாக வந்தாள். நான்தான் ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

"விடுங்கப்பா. எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. ஊர்ல எது நடந்தாலும் என் தலையிலதானே விழுது, இதுவும் ஒண்ணு."

அப்பா நின்றார். என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"நீ இல்லேன்னு கத்தியிருந்தா பரவாயில்லடி. உடனே தலையாட்டிட்டியே."

மறுநாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். வேலையைவிட்டுத் தூக்கவில்லை. "இனிமே பகல்ல நில்லு. வாசல்ல. எல்லாரும் பாக்குற மாதிரி" என்றாராம். அப்பா இப்போது தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறார். வருகிற கார்களுக்குக் கதவைத் திறந்து சல்யூட் வைக்கிறார். முடிவெட்டும் கடைப் பக்கம் போவதில்லை; அம்மா கத்தரிக்கோலை எடுத்து மேடும் பள்ளமுமாக வெட்டிவிடுகிறாள். ராத்திரி வீட்டில் அவர் விடுகிற குறட்டையில் தகரம் அதிர்கிறது. எங்களால்தான் தூங்க முடிவதில்லை. நடிப்பு இல்லை என்று தெரிந்துகொள்ள அது போதும் என்பதால் யாரும் அவரை எழுப்புவதில்லை.

ஷோரூம் ரோட்டில் போகும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, போஸ்டர் படிக்கிற மாதிரி போய்விடுவேன். என்னைக் கண்டால் அவர் கை பாதி சல்யூட்டிலேயே நின்றுவிடுகிறது.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்று, காலைத் தட்டி, நெஞ்சை நிமிர்த்தி, அவருக்கு ஒரு பெரிய சல்யூட் வைத்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, மறுபடி நேராக வைத்துக்கொண்டார். அடுத்து வந்த காருக்கு அவர் வைத்த சல்யூட் மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருந்தது.